கஸ்பாருக்கு அடித்த மணி

ஜனவரி 8, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையிலும் சரி, கோயில் பதிவேட்டிலும் சரி, கைநாட்டுத்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெசிந்தா எழுதுகிறாள். பால்வாடி டீச்சர். நான் வாயால் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவாளாம். சரி தாயே, ஆனால் நான் சொல்லாததை எழுதாதே என்றேன். அவளுக்கென்று ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

விஷயம் இதுதான். எங்கள் இராயப்பந்துறை கடற்கரையில் பிறந்து திருநெல்வேலிக் கல்லூரியில் வாத்தியாராக இருக்கும் ரீகன் ஒரு நாவல் எழுதியிருக்கிறான். ‘கோபுரத்தில் ஒரு புயல்’ என்று பெயர். நேற்று கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அட்டையில் ஒருவன் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். பின்னால் மின்னல். நெஞ்சு ஒரு வள்ளத்தின் அகலம்.

“இது யாருல?”

“நீங்கதான் தாத்தா.”

நான் மணியடித்த அறுபத்து நாலாம் வருஷம் என் எடை நாற்பத்தாறு கிலோ. கோயில் தராசில் மெழுகு நிறுக்கும்போது நானும் ஒருநாள் ஏறிப் பார்த்தேன்.

பிப்ரவரி 11 சாயங்காலம் கோயில் முற்றத்தில் விழா. மணிக்கோபுரத்தின் அடியில் சந்தியாகு என்று என் பேர் வெட்டிய கல் ஒன்றும் திறக்கிறார்களாம். “படிச்சுக் கேக்கும்போது என்ன தோணுதோ குறிச்சு வைங்க தாத்தா. ரெண்டாம் பதிப்புல திருத்திக்கிடுதேன்” என்றான். அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

ஜனவரி 9, செவ்வாய்

முதல் அத்தியாயம் முழுக்க மழை. நான் தூங்கிவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

ஜெசிந்தா இறால் உரித்துக்கொண்டே மூன்றாம் அத்தியாயம் வாசித்தாள். கை நாறும், புத்தகமும் நாறும் என்றேன். “உங்க கதைதான மாமா, நாறுனா என்ன?” என்கிறாள்.

நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். புத்தகம் படிக்காதவர்களும் இருப்பார்கள் அல்லவா.

எங்கள் ஊரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது. இப்போதும் போவதில்லை. ஆனால் இப்போது அது பழக்கம். அப்போது அது சட்டம். அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வருகிறோம், கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் சாளை மீன் கூட்டம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்கிறது. ஊரே கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கஸ்பார் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டி, தன் கட்டுமரத்தைத் தள்ளினான். இருபத்தைந்து வயது, சரியான வாய்க்காரன். ஊர்க் கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். “மீனுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டான். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மூன்று ஞாயிறு கோயில் நடுவில் முழங்காலில் நின்று மெழுகுதிரி பிடிக்க வேண்டும் என்று தீர்ப்பு. மாட்டேன் என்றான். ஊர் விலக்கு வைத்தார்கள். அவனோடு யாரும் பேசக் கூடாது, தீயும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது, அவனோடு ஒரே மரத்தில் கடலுக்குப் போகக் கூடாது. செத்தால் மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணும் கிடையாது. அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குற்றத்துக்கு அவன் ஆத்தாளுக்கும் தங்கச்சி மதலேனாளுக்கும் அதே விலக்கு.

புத்தகத்தில் இதைச் செய்வது ஒரு சாமியார். கண் சிவந்து, மீசையில்லாத முகத்தில் கொடூரம் வழிகிறதாம். எங்கள் பங்குச்சாமி பாவம், வாழைப்பழப் பிரியர். கமிட்டித் தலைவர் இஞ்ஞாசியைக் கண்டால் அவருக்கே உதறல். விலக்கு என்பது கண் சிவந்த ஒரு ஆள் செய்கிற காரியம் இல்லை. கடைக்காரன் தீப்பெட்டி தீர்ந்துபோச்சு என்பான். கிணற்றடியில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். அவ்வளவுதான் விலக்கு. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் செய்தோம். யார் முகத்திலும் கொடூரம் இல்லை.

ரீகன், இதைக் குறித்துக்கொள்.

ஜனவரி 14, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள்தான் நன்மை வாங்கலாம்; அந்த நற்கருணை அப்பத்துக்கு எல்லோரும் வரிசையில் போக, மதலேனாள் வழக்கம்போல் முற்றத்துப் பூவரசு மரத்தின் பக்கமுள்ள தாழ்வாரக் கடைசித் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து தாலி அறுத்துத் திரும்பி வந்து இருபது வருஷம் ஆகிறது. ஒருநாளும் நன்மை வாங்கிப் பார்த்ததில்லை. என்ன பாவமோ என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். எண்பது வயதில் என்ன பாவம் செய்ய முடியும்?

அவள் வீட்டு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். அந்தப் பாதை காலுக்குச் சுகம்.

(அந்தப் பாதையில்தான் மேடும் பள்ளமும். பஞ்சாயத்துக்கு நானே மூன்று மனு கொடுத்திருக்கிறேன். – ஜெ.)

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கரும்பு கடித்தேன். இருந்த பல்லில் ஒன்று கரும்போடு போய்விட்டது. சந்தோஷமான நாள்.

ஜனவரி 18, வியாழன்

ஆறாம் அத்தியாயம். விலக்கு வைத்த மூன்று வருஷமும் நான் யாருக்கும் தெரியாமல் கஸ்பாருக்குக் கஞ்சியும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுக்கிறேனாம். ஒரு தூக்குவாளி, அதில் என் தாயின் கண்ணீர், இன்னும் என்னவெல்லாமோ.

நிறுத்து என்றேன். இன்றைக்கு இது போதும்.

(மாமா மத்தியானம் சோறு வேண்டாம் என்றுவிட்டார். வாளை மீன் குழம்பு வைத்த நாளில் அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. – ஜெ.)

ஜனவரி 19, வெள்ளி

தூக்குவாளி கிடையாது. கஞ்சியும் கிடையாது. நடந்தது இது.

நான் அப்போது கோயிலில் மணியடிக்கிற வேலையில் இருந்தேன். கோபுரத்துக்குப் பின்னால்தான் கஸ்பார் வீடு. மேலே ஏறினால் அவன் வீட்டு முற்றத்தில் காயும் வலையின் கண்ணை எண்ணலாம். சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே மரத்தில் போனவர்கள். அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் ஒருநாள், வெயில் சாய்கிற நேரம், கோபுரப் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். கஸ்பார் வந்தான். வாயில் பற்ற வைக்காத பீடி. ஒன்றரை வருஷத்தில் இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். எனக்கு நாலு முழம் தள்ளி நின்றான்.

“தீ இருக்கா, சந்தியாவு?”

முற்றத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. நான் என் பீடியை மணலில் குத்தி அணைத்தேன்.

அவன் அணைந்த பீடியைப் பார்த்தான். பிறகு சிரித்தான். “நல்லா அணஞ்சிட்டா பாத்துக்க. வெரலச் சுட்டுரும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன்.

ரீகனிடம் சொல்: தூக்குவாளியை எடுத்துவிட்டு இதைப் போடட்டும். போட்டால் அட்டையில் இருக்கிறவனின் நெஞ்சு கொஞ்சம் சுருங்கும்; சுருங்கட்டும்.

(நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாளன்று எல்லோரும் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவோம். கஸ்பார் கல்லறையில் மட்டும் வருஷா வருஷம் யாரோ பற்ற வைத்த பீடி ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள். எவனோ குசும்பு செய்கிறான் என்று நினைத்திருந்தேன். – ஜெ.)

ஜனவரி 23, செவ்வாய்

மணியடிக்கிற அத்தியாயத்துக்கு வந்தாயிற்று. பதினேழு பக்கம். நடுச்சாமம், புயல், கோபுரக் கதவில் ஆனைப்பூட்டு. நான் பூட்டைக் கையால் உடைக்கிறேன். நாலு அடியாட்களைத் தள்ளிவிடுகிறேன். மணியை அடித்துவிட்டுக் கோபுர உச்சியில் நின்று ஊரைப் பார்த்து இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறேன். ஜெசிந்தா மூச்சு வாங்க வாசித்தாள். முடிந்ததும் இருவரும் சிரித்தோம். எனக்கு இருமல் வந்து, அவள் முதுகில் தட்டி, அதற்கும் சிரித்தோம்.

“நெசமா எப்படி மாமா நடந்துச்சு?” என்றாள். அறுபது வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் “நீங்க அடிச்சீங்களாமே” என்றுதான் ஆரம்பிப்பார்கள். எழுதிக்கொள்.

அறுபத்து நாலு, அக்டோபர் பதினாலு, புதன்கிழமை. சாயங்காலம் மூன்று மணி. மழையில்லை, வெயில். கோபுரத்துக்குப் பூட்டே கிடையாது. கதவே கிடையாது.

முதலில் எங்கள் ஊர்த் துக்க மணியின் முறையைச் சொல்ல வேண்டும். ஒருவர் செத்தால் பெரிய மணியை ஒன்று அடித்து, ஒரு விசுவாசப்பிரமாணச் செபம் சொல்லும் நேரம் நிறுத்தி, மறுபடி ஒன்று அடிக்க வேண்டும். தலைவர் வீட்டு ஆள் என்றால் பெரிய மணிக்குச் சின்ன மணி பதில் சொல்லும், இரட்டை மணி. மணி கேட்டதும் கடலில் இருக்கிற மரமெல்லாம் கரைக்குத் திரும்ப வேண்டும். ஊர் முழுக்கச் சாவு வீட்டுக்குப் போக வேண்டும். அடக்கம் முடியாமல் யாரும் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. இது கமிட்டி போட்ட சட்டமல்ல; கமிட்டிக்கும் முந்தியது. இன்னொன்று: அடித்த மணி ஒரு பிணத்தோடுதான் அடங்கும். பிணம் இல்லாமல் மணி அடித்துவிட்டால், அது யாராவது ஒருவரை எடுத்துக்கொள்ளாமல் விடாது என்று ஊருக்குப் பயம்.

அன்றைக்குத் தலைவர் இஞ்ஞாசியின் அப்பா சிலுவைப் பெரியவர் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. நான் கோபுர நிழலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்திலிருந்து கஸ்பார் வீட்டுப் பக்கம் ஒரு முனகல் அழுகை. விலக்கு வீடு, வாய்விட்டு அழுதால் யார் வரப்போகிறார்கள்?

மதலேனாள் ஓடி வந்தாள். இருபது வயது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

“தலைவரு அப்பா தவறிட்டாவ. தலைவரு வீட்ல சொல்லிவிட்டாவ. ரெண்டு மணியும் அடிக்கணுமாம்.”

நான் நம்பினேன். எழுந்து போய் அடித்தேன். இரட்டை மணி. நன்றாகவே அடித்தேன்.

மரங்கள் திரும்பின. முதலில் வந்தது சவரிமுத்து மரம், அடுத்தது பெரிய லாசர், அடுத்தது பிரகாசியார் மகன்கள், நாலாவது பாய் கிழிந்த மிக்கேல் மரம். முப்பத்தொரு மரம். வரிசை இன்றும் தப்பாமல் சொல்வேன். எல்லோரும் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் போகும்போதே மாரடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே கட்டிலில் கிடந்த சிலுவைப் பெரியவர் ஒரு மாதத்தில் முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்தார்.

“யாருக்குல ரெட்ட மணி?”

அப்போது தெருவில் நின்ற மதலேனாள் சொன்னாள்: “எங்க அண்ணனுக்கு.”

தலைவர் இஞ்ஞாசி முகம் இறால் வெந்தாற்போல் ஆயிற்று. “விலக்கு வீட்டுக்கு மணியா? செல்லாது! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!” என்று கத்தினார். அப்பா விடவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கிழவர் போட்ட சத்தம் கடல் வரைக்கும் கேட்டிருக்கும்: “செல்லாதுன்னா அந்த மணி யாருக்குல? எனக்கா? எனக்கு வேண்டாம்! அது கஸ்பார் மணி! அவனுக்கே போவட்டும்! நிக்காதீங்கல, போங்க எல்லாரும்! இஞ்ஞாசி, நீ மொதல்ல போ!”

அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை, இஞ்ஞாசி. முன்னால் நடந்தார். ஊர் பின்னால் நடந்தது. பங்குச்சாமி ஓடி வந்து சேர்ந்துகொண்டார். நிம்மதியாகத்தான் இருந்தது அவர் முகம். மூன்று வருஷமாகக் கால் மிதிக்காத முற்றத்தில் இடம் போதவில்லை. காய்ச்சலில் போன கஸ்பாரை மந்திரித்த மண்ணில் அடக்கினோம். மணி அடித்து, ஊர் கூடி, சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகு விலக்கு எங்கே இருக்கிறது? அன்றோடு முடிந்தது. சிலுவைப் பெரியவர் அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார்.

ஆக, மதலேனாள் என்னை ஏமாற்றினாள், நான் ஏமாந்தேன். இதில் வீரம் அவளுடையது. எனக்கென்று ஒன்றுமில்லை.

(விலக்கு வீட்டுப் பெண்ணைத் தலைவர் வீட்டில் எப்படித் தூது அனுப்புவார்கள், அதை நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். மாமாவுக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். “இறால உரி” என்றார். – ஜெ.)

ஜனவரி 25, வியாழன்

விட்டுப்போனதைச் சொல்கிறேன். மறுநாள் கமிட்டி கூடி, “யார் சொல்லி அடிச்ச?” என்றார்கள். நானேதான் அடித்தேன் என்றேன். ஒரு பெண்பிள்ளை என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம். மணி வேலை போயிற்று. மூன்று ஞாயிறு கோயில் நடுவில் முழங்காலில் மெழுகுதிரி பிடித்தேன். இது புத்தகத்தில் இல்லை. கதாநாயகன் முழங்கால் போட மாட்டானாம். ரீகன் போனில் சொன்னான்.

ஆறு மாதம் கழித்து, தை மாதம் போய் சித்திரையில், மதலேனாளை வடக்கே ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு மணியடித்தது வேறு ஆள்.

(கமிட்டியில் மாமா உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி காது போய்விடும். – ஜெ.)

ஜனவரி 28, ஞாயிறு

ரொமால்ட் வந்தான். இஞ்ஞாசியின் பேரன், இப்போது இவன்தான் கமிட்டித் தலைவன், நல்ல பையன், தாத்தாவின் குரல் மட்டும் அப்படியே. செல்போனில் கல்லைக் காட்டினான். கறுப்புக் கல், மஞ்சள் எழுத்து.

“என்ன போட்டிருக்குல?”

“‘அநீதியை எதிர்த்து நள்ளிரவில் மணி முழங்கிய மாவீரர் சந்தியாகு.’ எப்படி தாத்தா?”

“அதுல எது நெசம்?”

யோசித்தான். “சந்தியாகு” என்றான்.

கல்லை மாற்று என்றேன். வெட்டியாயிற்று தாத்தா, விழாவுக்குப் பதினாலு நாள்தான் இருக்கிறது என்கிறான். “உண்மையா யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க, பாப்போம்.” மதலேனாளைக் கேட்காமல் அவள் பேரை நான் எப்படிச் சொல்ல? எனக்கு எழுத்து தெரியாதுதான். ஆனால் அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் கோயிலுக்குப் போக வேண்டும். படிக்கத் தெரியாதவனுக்கும் அது என்ன சொல்கிறது என்று தெரியுமே.

ஜனவரி 30, செவ்வாய்

மதலேனாள் வீட்டுக்குப் போனேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை விரட்டும் கம்பை நீட்டி, “உக்காரும்வே” என்று முற்றத்தில் கிடந்த ஒரு கல்லைக் காட்டினாள்.

கோபுரத்தடிக் கல், விழா, எல்லாம் சொன்னேன்.

“அறுவது வருசமா நீரு வீரரு. சும்மா இருந்துட்டுப் போவும். இப்ப என்னத்துக்கு எறங்குதீரு?”

“மூட்டு வலிக்கு. ரொம்ப ஒசரத்துல ஏத்திட்டானுவ.”

சிரித்தாள். பிறகு கம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

“கோயில் வாசல்ல நின்னு பொய் சொன்னேன். சாவு மணில பொய். பாவந்தான். சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்னா மனஸ்தாபப்படணும்லா? ஐயோ செஞ்சிட்டேனேன்னு மனசு நோவணும். எனக்கு நோவல. நொந்த மாதிரி நடிச்சுச் சொன்னா அது ரெண்டாவது பொய். அதான் நான் சொல்லவும் இல்ல, நன்மை வாங்கவும் இல்ல.”

“அறுவது வருசமாவா?”

“இன்னும் நோவல வே.”

காக்கை ஒரு கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இருவரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். ரீகனின் ஆள் புயலில் தொங்கினானே பதினேழு பக்கத்துக்கு, இவள் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்தாள், அறுபது வருஷத்துக்கு. ஊர் பாவி என்றபோது வாயைத் திறக்கவில்லை.

“கல்லுல உன் பேரப் போடச் சொல்லுதேன்” என்றேன்.

“எனக்கு எதுக்கு? யாருக்கு மணி அடிச்சோ அவன் பேரு எங்க? அந்தப் புத்தகத்துல எங்க அண்ணன் எத்தன பக்கம்?”

(எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் பதினொன்று. அதில் நாலில் அவர் பிணம். – ஜெ.)

எழுந்து கிளம்பும்போது பின்னாலிருந்து கேட்டாள்: “நெசமாவே நம்புனீரா அன்னைக்கு?”

வெயிலாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

ரீகன் வந்தான். ஜெசிந்தா இந்தக் குறிப்பை எல்லாம் அவனுக்கு வாசித்துக் காட்டினாள். முகம் தொங்கிவிட்டது. “புயல் கூட இல்லையா தாத்தா?” என்றான். தூறல் கூட இல்லை என்றேன். மீன் பொரித்துக் கொடுத்த பிறகு கொஞ்சம் தேறினான். போகும்போது, “கட்டிலப் பிடிச்சிக்கிட்டு ஒரு கெழவரு கத்துனாருல்லா, அத நான் எழுதியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாவ” என்று தானாகச் சொல்லிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 7, புதன்

விழாவுக்கு வெள்ளை வேட்டி துவைத்து வைத்தாயிற்று. பேச்சு ஒன்றும் தயார் செய்யவில்லை.

(இரண்டு நாளாகக் கொல்லையில் ஆடுகளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். – ஜெ.)

பிப்ரவரி 11, ஞாயிறு

சொல்கிறேன், மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

கோயில் முற்றம் நிறைய ஆள். இப்போது மணிக்கு மோட்டார் போட்டு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஆனால் விழாவுக்கென்று பழையபடி கயிறு கட்டி, அதற்கு நாடா சுற்றி வைத்திருந்தார்கள். நான் மூன்று அடி அடித்துக் கல்லைத் திறக்க வேண்டும். மேடையில் ரொமால்ட், ரீகன், இப்போதைய பங்குச்சாமி. சின்ன வயதுச் சாமியார். மோட்டார் சைக்கிளில் போகிறவர். என்னைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். பேசப் பேச நான் வளர்ந்தேன். நாலாவது ஆள் முடிக்கும்போது நான் கோபுரத்தை விட உயரம்.

மைக்கைக் கொடுத்தார்கள்.

“நான் வீரன் இல்ல. கோபுர நெழல்ல ஒக்காந்திருந்தேன். ஒரு பொம்பள வந்து தலைவரு அப்பா போயிட்டாவன்னா. நம்பி அடிச்சேன். ஏமாந்தவனுக்குக் கல்லு வைக்க ஆரம்பிச்சா ஊர்ல இடம் பத்தாது. அந்தப் பொம்பள இந்தா, தூணுகிட்ட இருக்கா. அவ அண்ணனுக்கு நான் தீ குடுக்கல. அவ மணி வாங்கிக் குடுத்தா.”

ஆட்டிடம் சொன்னது இன்னும் நீளம். அங்கே இவ்வளவுதான் வந்தது.

பிறகு தூணிலிருந்து கையை ஊன்றி மதலேனாள் எழுந்தாள்.

“நான் பொய் சொன்னது நெசம்” என்றாள். மைக் தேவைப்படவில்லை. “எங்க வீட்டு அழுகைச் சத்தம் கோபுரத்துக்குக் கேக்கும். எங்களோட ஊருல ஒரு நாயும் பேசாதுன்னும் தெரியும். இதெல்லாம் தெரிஞ்ச மனுசன் நான் சொன்னத நம்பி அடிச்சாராம். நான் சொன்னது சின்னப் பொய். இவரு சொல்லுதாரே, இதான் பெரிய பொய்!”

முற்றமே சிரித்தது. கைதட்டினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

(அடைக்கவில்லை. காதுமடல் சிவந்திருந்தது. – ஜெ.)

ரொமால்ட் நல்ல நேரம் பார்த்து, “தாத்தா, மணி, மணி” என்று முதுகில் தொட்டான். நான் கயிற்றை எடுத்துக்கொண்டுபோய் மதலேனாள் கையில் கொடுத்தேன். எங்கள் ஊரில் பெண்கள் மணிக்கயிற்றைத் தொட்டதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது, தொட்டதில்லை, அவ்வளவுதான். நாலைந்து கிழவர்கள் எழுந்தார்கள். சாமியார் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக் கிழவர்களும் உட்கார்ந்தார்கள்.

அவள் ஒன்று அடித்தாள். விழாவுக்கு அடிக்கிற மாதிரி அடுத்தடுத்து அடிக்கவில்லை. நிறுத்தினாள். ஒரு விசுவாசப்பிரமாணம் சொல்லும் நேரம். மறுபடி ஒன்று.

துக்க மணி.

வீடுகளிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். “யாரு? யாரு போனது?” மஸ்கட்டிலிருந்து என் மகன், விழாவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவன், ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, “அப்பாவா?” என்று அழுகிறான். “உங்க அப்பா இங்க இளிச்சிக்கிட்டு நிக்காவ” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

“யாருக்கு மணி பாட்டி?” என்று ரொமால்ட் கேட்டான். அதே குரல். தாத்தாவின் குரல்.

“எங்க அண்ணனுக்கு” என்றாள் மதலேனாள்.

மணி அடித்தால் போக வேண்டும். முன்வரிசையில் இருந்த சவரிமுத்துவின் மகன் முதலில் தலைத்துண்டை எடுத்தான். அடுத்து பெரிய லாசரின் பேரன். ரொமால்ட் கொஞ்சம் நின்றான். பிறகு அவன்தான் முன்னால் நடந்தான். திறக்காத கல்லையும் போடாத மாலையையும் விட்டுவிட்டு ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. ரீகன் கையில் எனக்கு வாங்கிய மாலை; அதைக் கஸ்பாருக்குப் போட்டான். சாமியார் செபம் சொன்னார்.

எல்லோரும் கலைந்த பிறகு நானும் மதலேனாளும் ஜெசிந்தாவும் மட்டும் நின்றோம். மதலேனாள் இடுப்பிலிருந்து ஒரு பீடியை எடுத்தாள்.

“தீ இருக்கா வே?”

இருந்தது. தீப்பெட்டி இல்லாமல் நான் வெளியே போய் அறுபது வருஷம் ஆகிறது. பற்ற வைத்துக் கொடுத்தேன். கஸ்பார் தலைமாட்டில் வைத்தாள்.

“நீருதான்னு எனக்கு எப்பமே தெரியும்” என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

தவக்காலம் ஆரம்பம். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம்.

கல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு என்று ரொமால்ட் கண்டுபிடித்துவிட்டான். மாவீரரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு மறுபக்கத்தில், ‘கஸ்பார். 14.10.1964. இரட்டை மணி’ என்று மட்டும் வெட்டுகிறார்கள். ரீகன் புத்தகத்தை முதலிலிருந்து எழுதப் போகிறானாம். மழை வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன்.

பூசையில் எல்லோரும் நன்மை வாங்கப் போக, மதலேனாள் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து சாமியார் அவளிடம், “இப்ப சொல்லலாமே பாட்டி, ஊருக்கே தெரிஞ்சுபோச்சே” என்றாராம். “மனஸ்தாபம் இன்னும் வரல சாமி. வந்ததும் மொத ஆளா வாறேன்” என்றாளாம். “அவசரமில்ல” என்று சாமியார் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தாராம்.

அவள் வீட்டு வழியாகத்தான் வந்தேன். அந்தப் பாதை மேடும் பள்ளமும்தான். எழுதிக்கொள், ஜெசி.